இளவேனிலும் இளநாற்றும்: தங்கவயல் தோட்டங்களுக்கு ஒரு யோசனை

காய்கறித் தோட்டம் பற்றி வெளிவரும் நூல்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். இளவேனில் தொடங்கியதும் நாற்றுகளைப் பெயர்த்து நடுக. எதிர்பாராத குளிர் தாக்காதவாறு அவற்றை மூடிக் காத்திடுக என்பதே அவ்வாக்கியம். இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் வடபகுதிகளிலும் தோட்டம் இடுவோருக்கு இது பொன்னேபோல் போற்றத் தக்க அறிவுரை. ஆயினும், கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பகுதியின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இரண்டு பாத்தி தக்காளியும் ஒரு பாத்தி கத்தரியும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதே அறிவுரை பயன் தராது. பல வேளைகளில் தீங்கும் தரும். மூலநூலிலும் பிழையில்லை, சொல்லுக்குச் சொல் பெயர்த்தவரிடமும் பிழையில்லை. அந்நூல் பிறந்த மண்ணின் வானிலை வேறு, அது வந்து சேர்ந்த மண்ணின் வானிலை வேறு என்பதை இடையில் எவரும் எடுத்துரைக்காமையே பிழை.

அப்பிழையைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்கள் களப்பணியாளரும் ஆசிரியருமே. குடியானவரும் மாணவரும் நேரில் காண்பது அவர்களைத்தான், நூலாசிரியரை அன்று. ஆகவே தங்கவயலை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்தல் தகும்.

இரண்டு இளவேனில்கள்

ஐரோப்பியர் இளவேனில் என்று கருதுவது மார்ச்சு முதல் மே வரையுள்ள காலம். உறைபனி விலகி, மண் மெல்லச் சூடேறி, செடிகள் துளிர்க்கும் பருவம் அது. அங்குத் தோட்டக்காரர் அஞ்சுவது கடைசி உறைபனியை. மே மாதத்தில்கூட ஓரிரவில் வெப்பநிலை சுழிக்குக் கீழே இறங்கினால், வெளியே நட்ட தக்காளி நாற்று விடிவதற்குள் கருகிவிடும். எனவேதான் கண்ணாடிக் கவிகைகளும் கண்ணாடி மூடிய பெட்டிகளும் அங்கே தோன்றின. பகலில் கண்ணாடியின் வழியே புகுந்த வெயிலின் வெப்பம் உள்ளேயே தங்கி, இரவுக் குளிரிலிருந்து செடியைக் காக்கின்றது.

தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். ஏறத்தாழ ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். ஆகவே ஆங்கிலச் சொல்லுக்கு இளவேனில் என்று எழுதியவுடன் மாதம் ஒன்று தள்ளிப்போகின்றது; அதனினும் பெரிதாக, வானிலையே தலைகீழாகின்றது. அங்கே அது குளிர் நீங்கும் காலம். இங்கே அது வெப்பம் முற்றும் காலம். தங்கவயல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தில் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கின்றது. அந்நாளில் நட்ட நாற்றுக்குத் தன் நிழலே தன் காலடியில்தான் விழும்.

இந்தியா முழுவதற்கும் ஒரே விதி பொருந்தாது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. உதகையில் குளிர்கால உறைபனி உருளைக்கிழங்கையும் தேயிலையையும் தாக்குவதுண்டு. பஞ்சாபில் குளிர்காலத் தொடக்கத்தில் நட்ட தக்காளியை நாணல் போன்ற ஒருவகைப் புல்லால் வேய்ந்த தட்டிகளைச் சாய்த்து வைத்துக் காக்கின்றனர். அங்கே தட்டி தடுப்பது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை. தங்கவயலிலும் தட்டி வேண்டும். ஆனால் அதை நிறுத்த வேண்டிய திசை மேற்கு, தடுக்க வேண்டிய பகை பிற்பகல் வெயில். கருவி ஒன்றே, பயன் நேர்மாறு. எத்திசையில் எதற்காக என்பதை விளக்காமல் தட்டி கட்டுக என்று மட்டும் சொல்லும் அறிவுரை பாதி அறிவுரையே.

தங்கவயலின் நிலையும் நீரும்

கோலார் தங்கவயல் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலுள்ள செம்மண் மேட்டுநிலம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தினர் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்களைச் சுற்றிக் குடியிருப்புகள் எழுந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லைன் வீடுகளில் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. பாலாற்றின்மீதுள்ள பேத்தமங்கலத்து நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் குழாய் வழியாக வந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கப் பணி முற்றிலும் நின்றது.

இவ்வரலாற்றுக்கும் கத்தரி நாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நெருக்கமானது. சுரங்க அதிகாரிகளின் பங்களாக்களில் ஆங்கிலேயர் தம் நாட்டு முறைப்படி தோட்டம் அமைத்தனர். தோட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்தே பரவியது. அந்தத் தோட்டங்களுக்குச் சம்பளத் தோட்டக்காரரும் தட்டாத நீரும் இருந்தன. இன்று லைன் வீட்டுப் பாத்திக்கு அவ்விரண்டும் இல்லை. சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். நண்பகலில் வாடும் நாற்றைக் காண வீட்டில் ஆள் இருப்பதில்லை. இக்குடும்பங்களுக்கோ பாத்தியிலிருந்து வரும் காய்கறி அழகுப் பொருளன்று. சந்தைக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம். கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பேர்போனது. கோலார் நகரத் தக்காளிச் சந்தை இந்நாட்டின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று. அவ்வாறிருந்தும் கோடையில் விலை ஏறும்போது அம்மாவட்டத்திலேயே வாழும் எளிய குடும்பம் தக்காளியை எண்ணி வாங்க நேர்கின்றது. பத்து நாற்று பிழைப்பதும் சாவதும் இங்கே அற்பச் செய்தியன்று.

கோலார் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 740 மில்லிமீட்டர். இதில் பெரும்பகுதி செப்டம்பரிலும் அக்டோபரிலும் பெய்வது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இம்மாவட்டத்தில் இல்லை. ஆகவே நீரை மிகுதியாக ஊற்றிச் செடியைக் காப்போம் என்னும் வழி இவ்வூருக்கு உரியதன்று.

நாற்று ஏன் சாகின்றது?

காப்பு முறையைக் கற்பிக்குமுன் காரணத்தைக் கற்பித்தல் முறை. காரணம் தெரிந்தவர் கையிலுள்ள பொருளைக் கொண்டு தாமே வழி காண்பர். தெரியாதவர் நூலில் சொன்ன பொருள் கிடைக்கவில்லையெனில் கையைக் கட்டிக்கொண்டிருப்பர்.

முதற் காரணம் வேரின் இழப்பு. நாற்றைப் பிடுங்கும்போது நீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்த்தூவிகளுள் பெரும்பாலானவை அறுபட்டு மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலையே நாற்றின் நிலையும். புது வேர் விடும் ஏழெட்டு நாள்கள் வரை இந்நிலை நீடிக்கும்.

இரண்டாவது மண்ணின் சூடு. காற்றின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் நாளில், மூடாக்கு இல்லாத செம்மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரிக்கும் மேலே செல்லக்கூடும். நாற்றின் மெல்லிய தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெந்து சுருங்குகின்றது. இலையில் குறை காணாமல் தண்டின் அடியில் சாய்ந்து கிடக்கும் நாற்றைக் கண்டவர் பூச்சி வெட்டியதென்றோ அழுகல் நோய் என்றோ கருதி மருந்து தேடுவர்; பல வேளைகளில் குற்றவாளி வெறும் மண்ணின் வெப்பமே.

மூன்றாவது காற்று. வறண்ட காற்று இலையைச் சுற்றியுள்ள ஈரப்படலத்தை உடனுக்குடன் அகற்றுவதால் நீர்ச்செலவு பெருகுகின்றது. தங்கவயலில் இக்காற்று தூசியையும் சுமந்து வருகின்றது. இலைமேற் படியும் தூசி ஒளியைத் தடுக்கின்றது. இலைத்துளைகளின் இயக்கத்தைக் கெடுக்கின்றது. செஞ்சிலந்தி பெருகுவதற்கும் இடமளிக்கின்றது.

நான்காவது பூச்சி. கோடையின் வெப்பமும் வறட்சியும் வெள்ளை ஈக்கு உகந்தவை. தக்காளியின் இலைச்சுருள் நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது இந்த ஈயே. நாற்றங்காலிலேயே நோய் தொற்றிய செடி பின்னர் எவ்வளவு போற்றி வளர்த்தாலும் காய்க்காது.

ஐந்தாவது திடீர் மழை. மாம்பழ மழை எனப்படும் கோடை மழை ஏப்ரலிலும் மே மாதத்திலும் பெரும்பாலும் பிற்பகலில் சூறைக்காற்றுடன் வருகின்றது. சிற்சில வேளை ஆலங்கட்டியும் விழும். பல நாள் உழைப்பைக் கால் மணி நேரத்தில் அது அழித்துவிடக் கூடும்.

இவ்வைந்தினுள் உறைபனி இல்லை என்பது கவனிக்கத் தக்கது. உறைபனிக்கென்று அமைந்த காப்பு இவ்வைந்தில் ஒன்றையேனும் முழுமையாகத் தடுப்பதில்லை. கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ கொண்டு மூடிய நாற்று தங்கவயலின் ஏப்ரல் வெயிலில் ஒரே பிற்பகலில் அவிந்துபோகும். அடிப்பாகம் நீக்கிய பிளாஸ்டிக் புட்டியை நாற்றின்மேல் கவிழ்க்கும் வழக்கம் இப்போது பள்ளிகளில் பரவி வருகின்றது. காண்பதற்கு விஞ்ஞான முறைபோல் தோன்றும் இது, வெப்பத்தை உள்ளே அடைப்பது என்பதால் கோடையில் விலக்கத் தக்கது.

செய்யத் தக்கவை

முதலாவதும் மிகச் சிறந்ததுமான காப்பு காலமறிந்து விதைத்தல். தக்காளி நாற்றுக்கு 25 முதல் 30 நாளும், கத்தரிக்கு 30 முதல் 35 நாளும், மிளகாய்க்கு 35 முதல் 45 நாளும் ஆகும். மார்கழிக் கடைசியிலோ தை முதலிலோ விதைத்து மாசியில் நட்டுவிட்டால், சித்திரை வெயில் வருமுன் வேர் ஆழச் சென்று, செடி தன் இலையாலேயே தன் மண்ணுக்கு நிழல் தரும். பங்குனியிலும் சித்திரையிலும் நடுவோர்க்கே பெருங்காப்பு வேண்டும். ஒரு மாதம் முந்துவது பத்துத் தட்டிக்குச் சமம்.

இரண்டாவது, நாற்றங்காலில் வெள்ளை ஈயைத் தடுத்தல். அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்ணி கொண்ட நைலான் வலையை வளைத்த குச்சிகளின்மேல் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடிவிட வேண்டும். மட்கிய தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் வளர்த்த நாற்றுக்கு வேர் அறுபடுவதில்லை. ஆகவே முதற்காரணமே பெருமளவு நீங்குகின்றது. தட்டு கிடைக்காதவர் காகிதக் கூம்புகளையோ வாழைமட்டைத் தொன்னைகளையோ பயன்படுத்தலாம், பயன் அதுவே.

மூன்றாவது, நாற்றைப் பழக்குதல். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நீரைப் படிப்படியாகக் குறைத்து, நிழலையும் சிறிது சிறிதாக நீக்க வேண்டும். செல்லமாக நிழலில் வளர்ந்த உயரமான மெல்லிய நாற்றைவிடக் குட்டையாகத் தண்டு தடித்த நாற்றே வெளிக்களத்தில் நிலைக்கும்.

நான்காவது, மாலையில் நடுதல். ஐந்து மணிக்குப் பின் நட்ட நாற்றுக்கு வெயிலைக் காணுமுன் ஓர் இரவு ஓய்வு கிடைக்கின்றது. மறுநாள் முதல் ஏழு முதல் பத்து நாள்கள் வரை மேலேயும் மேற்குப் பக்கத்திலும் நிழல் வேண்டும். தென்னங்கீற்று, வேம்பு அல்லது புங்கந் தழைக்கொத்து, பழஞ்சாக்கு எதுவும் போதும். காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி இருத்தலே முக்கியம். பத்து நாளுக்குப் பின் நிழலை நீக்காவிடில் செடி ஒளிக்கு ஏங்கி நீண்டு மெலியும், காப்பே கேடாகும்.

ஐந்தாவது, மூடாக்கு. கோலார் கேழ்வரகு விளையும் நாடு. கேழ்வரகுத் தாளும் நிலக்கடலைத் தோலும் எளிதிற் கிடைப்பன. இவற்றை மூன்று விரற்கடைக் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட வேண்டும். மண்ணின் சூடு தணியும்; ஈரம் தங்கும்; கோடை மழையின் துளி மண்ணைச் சிதறடித்து இலையில் அடிப்பதும் குறையும்.

ஆறாவது, பகலில் ஆளில்லா வீட்டுக்கு ஏற்ற நீர்முறை. மெருகிடாத சிறிய மண்கலயத்தைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், மண் காய்ந்த அளவுக்கு நீர் கலயத்தின் நுண்துளைகள் வழியே கசியும். கலயத்தைச் சுற்றி மூன்று அல்லது நான்கு நாற்று நடலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். இரயிலில் வேலைக்குச் செல்வோர் வீட்டுக்கு இதனினும் பொருத்தமான ஏற்பாடு அரிது.

ஏழாவது, காற்றுத் தடுப்பு. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்தால் அது காற்றையும் தூசியையும் தணிப்பதோடு வெள்ளை ஈயின் வரவையும் குறைக்கும். ஆலங்கட்டிக்கு முழுக்காப்பு இல்லை. எனினும் கால்கள்மேல் இழுத்துக் கட்டிய நிழல்வலை அதன் விசையை உடைக்கும். புயற்குறி தெரிந்த மாலையில் கூடையைக் கவிழ்த்து வைத்து மழை விட்டவுடன் எடுத்துவிடும் பழைய வழக்கமும் தக்கதே.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. எல்லாச் செடியையும் கோடையில் காத்தே ஆகவேண்டும் என்பதில்லை. வெண்டை, கொத்தவரை போன்றவற்றை நேரே விதைப்பதால் அவற்றின் ஆணிவேர் அறுபடுவதில்லை; வெப்பத்தையும் அவை பொறுக்கின்றன. தக்காளியோ, பகல் வெப்பம் மிகுந்து இரவும் தணியாதபோது பூவை உதிர்த்துவிடும். சித்திரையில் நடத் துணிபவருக்கு வெண்டையைப் பரிந்துரைப்பவரே நல்ல களப்பணியாளர்.

மேட்டுமண் பற்றிய எச்சரிக்கை

தங்கவயலுக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. தாதுவை அரைத்துத் தங்கம் பிரித்தபின் எஞ்சிய தூள், சயனைடு மேடு என மக்கள் வழங்கும் குன்றுகளாக நிற்கின்றது. மொத்தம் 13 குவியல்கள். ஏறத்தாழ 1,003 ஏக்கர் பரப்பில் 3 கோடியே 30 இலட்சம் டன் அளவினதாக இது மதிப்பிடப்பட்டுள்ளது. இவற்றை மீண்டும் பிரித்தெடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது.

இத்தூள் மணல்போல் தோன்றுவதால் நாற்றங்காலுக்கு மணல் வேண்டுவோர் அதனை நாடக்கூடும். அது கூடாது. அதில் உயிர்ச்சத்து ஏதும் இல்லை. தாதுவிலிருந்தும் பிரித்தெடுக்கும் முறையிலிருந்தும் வந்த வேண்டாத பொருள்கள் எஞ்சியிருக்க இடமுண்டு. ஆற்றுமணலோ தென்னைநார்க் கழிவோ பயன்படுத்துதலே தக்கது. மேட்டின் அருகிலுள்ள வீடுகளில் பாத்தியைத் தரைக்கு மேலே உயர்த்தி, வேறிடத்துச் செம்மண்ணும் மட்கிய எருவும் இட்டு அமைத்தல் நன்று. அதிகாலையில் பூவாளியால் இலைகளைக் கழுவுதலும், கீரையைப் பலமுறை அலசிய பின்னரே சமைத்தலும் வழக்கமாக வேண்டும். கோலார் தமகாவிலுள்ள வேளாண் அறிவியல் மையத்தின் மூலம் மண் ஆய்வுக்கு வழி செய்தல் களப்பணியாளரின் கடமைகளுள் ஒன்றாகும்.

மேடுகள் மீண்டும் தோண்டப்படுமாயின், தூசி மிகுதியாக எழுவது வறண்ட காற்று வீசும் இதே பருவத்திலாகவே இருக்கும். ஈரப்படுத்துதல், மரத்தடுப்பு, அளவீடு ஆகிய நிபந்தனைகள் சுரங்கவியலாருக்கு மட்டும் உரியவை அல்ல. அருகில் உண்ணப்படும் காய்கறியையும் எண்ணி அவை விதிக்கப்பட வேண்டும். ஒரு குடும்பத்தின் கத்தரிப் பாத்தியும் அக்கணக்கில் இடம்பெறத் தக்கதே.

பள்ளித் தோட்டத்தின் நாட்காட்டி

ஆசிரியர்களின் கவனத்துக்கு உரியது ஒன்று. கர்நாடகப் பள்ளிகளில் ஏப்ரல் நடுவிலிருந்து மே முடியும்வரை பெரும்பாலும் கோடை விடுமுறை. நூலைப் பார்த்து மார்ச்சில் மாணவர் ஆவலோடு நட்ட நாற்று, பள்ளி மூடிய இரண்டாம் வாரத்தில் நீரின்றிச் சாகின்றது. ஜூனில் திரும்பும் பிள்ளைகள் காண்பது காய்ந்த குச்சிகளை. தோட்டவேலை பயனற்றது என்ற பாடத்தையே அவர்கள் அங்குக் கற்கின்றனர். ஒரு செடி செத்ததைவிட இது பெரிய நட்டம்.

பள்ளித் தோட்டத்தின் ஆண்டு ஜூனில் பள்ளியோடு தொடங்க வேண்டும். பருவமழையோடு நடவு, செப்டம்பர் முதல் அறுவடை, தையில் மீண்டும் விதைப்பு, மார்ச்சு இறுதிக்குள் முடிவு. விடுமுறைக்கு முன் பாத்தியைத் தாளால் மூடி ஓய்வளிக்கலாம். மார்ச்சில் செய்யத் தக்க வேறு பாடம் உண்டு. வெறும் மண்ணிலும் மூடாக்கிட்ட மண்ணிலும் வெப்பமானியை வைத்து, நண்பகலில் இரண்டின் வேற்றுமையை மாணவரே குறித்துக்கொள்ளச் செய்யலாம். செலவு மிகக் குறைவு. கற்பதோ ஆண்டுக்கணக்கில் நிற்பது.

மறுப்பும் விடையும்

ஊர்தோறும் தனி அறிவுரை எழுதுவது இயலாது. பொதுவான ஒரு பிரசுரமே நடைமுறைக்கு ஏற்றது எனச் சிலர் கூறக்கூடும். பொதுப் பிரசுரம் வேண்டியதே. ஆனால் அது காரணத்தைப் பொதுவாகவும் செயலை இடத்துக்கேற்பவும் கூற வேண்டும். குளிர் மிகுந்த இடத்தில் வெப்பத்தைத் தேக்குக, வெயில் மிகுந்த இடத்தில் வெப்பத்தைத் தடுக்குக என்ற இரண்டு வரியைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. எஞ்சிய அரைப் பக்கத்தை அவ்வூர்க் களப்பணியாளர் தம் கையால் நிரப்பிக்கொள்ளலாம்.

அனுபவம் மிக்க குடியானவருக்கு இவை தெரிந்தவையே எனவும் கூறலாம். உண்மைதான். ஆனால் தங்கவயலின் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக நிலத்துக்கு அடியில் உழைத்தவை. பாட்டனார் உழவரானாலும் பேரனுக்கு உழவு வழிவழி வந்த அறிவன்று. புதிதாகத் தோட்டம் இடும் அவர் நம்புவது அச்சிட்ட தாளைத்தான். தாள் தவறினால் அவர் தம் கையே தவறியதாக எண்ணி விட்டுவிடுவார்.

எனவே களப்பணியாளரும் ஆசிரியரும் தம்மிடமுள்ள தோட்டக் குறிப்புகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம். அதில் இளவேனில் என்று வரும் இடத்தில் மாதத்தின் பெயரை எழுதலாம். உறைபனி என்று வரும் இடத்தில், தம் ஊரில் அம்மாதத்தில் நாற்றைக் கொல்வது எதுவோ அதனை எழுதலாம். இவ்விரு திருத்தத்துக்கும் மேலதிகாரியின் ஆணை வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் ஓராண்டு கண்ணாற் கண்ட அனுபவமும் போதும். திருத்திய அத்தாளை அடுத்த தை மாதத்துக்குள் மாரிக்குப்பத்திலிருந்து திரும்பும் ஒரு குடும்பத்தின் கையில் சேர்த்துவிட்டால், சித்திரையில் அவ்வீட்டுப் பாத்தி பசுமையாக நிற்கும்.